சுயம்புலிங்கத்தின் தொப்பை

சுயம்புலிங்கம் அழகான பொய் ஒன்றைச் சொல்லி, அதிலேயே மாட்டிக்கொண்டார்.

ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் காராச்சேவுக் கடை வைத்திருந்தார். சிறுநீரகம் இரண்டும் கைவிட்ட பிறகு, வாரம் இரண்டு தரம் ராஜபாளையம் ஆஸ்பத்திரிக்குப் போய் மெஷினில் ரத்தத்தைச் சுத்தம் செய்துகொண்டு வந்தார். கையும் காலும் குச்சியாகிவிட்டன. வயிறு மட்டும் பழைய முதலாளியாகவே முன்னால் நடந்தது. "என்னங்க இது?" என்று மனைவி அழகுத்தாய் கேட்டபோது, வாயிலிருந்த காராச்சேவை விழுங்கிவிட்டு, "எல்லாம் தேங்கிக் கெடக்குற தண்ணி" என்றார். டாக்டரிடமும் அதையே ஒப்பித்தார்.

நம்பிவிட்டார்கள். அழகுத்தாய் குடிதண்ணீரை அரை டம்ளராக்கினாள். டாக்டர் மெஷினில் கூடுதலாக நீர் இறக்கச் சொன்னார். நாக்கு வறண்டது, கெண்டைக்கால் சுண்டி இழுத்தது. போன வாரம் பஸ் படியிலேயே மயங்கி விழுந்தார். இன்னொரு தரம் விழுந்தால் எழுந்திருப்போமா என்ற பயம் வந்துவிட்டது.

அன்றைக்கு ஆஸ்பத்திரியில் அவர் கட்டிலில் படுக்கவில்லை.

"படுங்க அண்ணாச்சி. இன்னைக்கு நாலு கிலோ எறக்கணும்," என்றாள் நர்ஸ் கிருபாபாய்.

"மூணுக்கு மேல விடமாட்டேன். வயித்துல இருக்கது தண்ணி இல்ல சிஸ்டர்."

"பொறவு என்னவாம்?" கூட வந்திருந்த அழகுத்தாய் நிமிர்ந்தாள்.

அவர் தொப்பைக்கு அடியில் ஒளிந்து கிடந்த அரைஞாண் கயிற்றை அவிழ்த்துத் தொப்புளுக்கு நேராகச் சுற்றினார். எட்டவில்லை. கிருபாபாய் கட்டுத்துணி கிழித்து ஒட்டுப்போட்டு இறுக்கி முடிந்தாள்.

"தண்ணியா இருந்தா மெஷின் நின்னதும் இது தளரணும். தளந்தா அஞ்சு கிலோகூட எறக்குங்க, நான் வாயத் தொறக்கல."

டாக்டர் வந்து பார்த்தார். சிரிக்காமலிருக்கப் பாடுபட்டார். "சரி, இன்னைக்கு மூணுதான்."

மெஷின் நின்றபோது எடை மூன்று கிலோ குறைந்திருந்தது. முக வீக்கம் வடிந்திருந்தது. கால் இழுக்கவில்லை. கயிறு மட்டும் விரல் நுழைய இடம் தராமல் வயிற்றைக் கடித்துக்கொண்டிருந்தது.

டாக்டர் அமுக்கிப் பார்த்தார். "கொழுப்புதான். எடைய மட்டும் பாத்து ஏமாந்துட்டோம். இனிமே மெஷின் முடிஞ்சதும் வயித்தையும் அளக்கணும். கூடுதலாத் தண்ணி எறக்க வேண்டாம். ஆனா இந்தத் தொப்பை உங்க இதயத்துக்கு ஆகாது அண்ணாச்சி."

"அம்புட்டும் காராச்சேவு," என்றாள் அழகுத்தாய். "தண்ணிப் பானைக்குல்லா காவல் இருந்திருக்கேன். சேவு டின்னுக்கு இருந்திருக்கணும்."

ஊர் வந்ததும் அவள் நீட்டிய கையைப் பிடிக்காமல் அவரே பஸ்ஸிலிருந்து இறங்கினார். சொந்தக் கடையைத் திரும்பிப் பார்க்காமல் தாண்டினார். மூக்கு மட்டும் திரும்பியது.

"ஏட்டி, கயித்தக் கீழ எறக்கிக்கிடட்டுமா?"

"அங்கனயே கெடக்கட்டும். தளந்த பொறவு எறக்கலாம்."

"தளத்திக் காட்டுதேன் பாரு. அதுக்கு முந்தி எமனே வந்து கூப்பிட்டாலும் நான் போறதா இல்ல." நெஞ்சை நிமிர்த்தினார், வயிறுதான் நிமிர்ந்தது. "மொதல்ல ஒரு டம்ளர் தண்ணி குடு. முழு டம்ளர்."