நனையாத நால்வரும் ஐந்து காகிதங்களும்

குழாய் வேலை செய்பவரின் வீட்டில் ஐந்து பேர். அவர்களில் நால்வர் மழையில் நனைவதில்லை. மழை அவர்கள் மேலும் பெய்யும். ஆனால் ஒட்டாது, விழுந்த வேகத்தில் உருண்டு ஓடிவிடும். அவர்கள் கையில் பிடித்திருக்கும் பொருளும் அப்படியே. அப்படியானால் குளிப்பதில்லையா என்று கேட்பவர்கள் உண்டு. குளிப்பார்கள், துவட்டிக்கொள்வதில்லை, அவ்வளவுதான். தெருவில் குழாய் வெடித்தால் முதலில் அப்பாவைத்தான் கூப்பிடுவார்கள். பீறிடும் தண்ணீரில் இடுப்பளவு இறங்கி வேலையை முடித்து, சட்டை மடிப்புக் கலையாமல் ஏறி வருவார். காரணம் கேட்டால் போச்சு, கொள்ளுத் தாத்தாவின் கதையை ஆரம்பித்துவிடுவார். தாத்தா கப்பல் கேப்டன். நடுக்கடலில் கப்பல் மூழ்கியது. கடல் அவருக்கு ஏதோ வாக்குக் கொடுத்து அனுப்பியது. மனிதர் மூன்றாம் நாள் உலர்ந்த சட்டையோடு வீடு வந்து சேர்ந்தார். கேட்பவர் கொட்டாவி விட்டாலும் அப்பா விடமாட்டார். அம்மா அவருக்கு அத்தை மகள், அதனால் அவளும் அதே வகையறா. மூத்தவளும் கடைக்குட்டியும் அப்படியே பிறந்தார்கள்.

நடுப்பெண் மட்டும் நனைந்தாள். சின்னத் தூறலுக்கே சொட்டச் சொட்ட வந்து நிற்பாள். தும்மல் என்பதே அந்த வீட்டுக்கு அவளால்தான் அறிமுகமானது. "உன்னத் தவிட்டுக்கு வாங்கினாங்கடி" என்று மூத்தவள் சொல்ல எல்லோரும் சிரிப்பார்கள், அவளும் சேர்ந்து சிரிப்பாள். எல்லா வீட்டிலும் சொல்கிற கேலிதான். மற்ற வீடுகளில் அதற்கு ஆதாரம் கிடையாது. வளர்ந்து கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கும் வேலைக்குப் போனாள். தேய்க்கும் சக்கரத்தில் நாள் முழுக்கத் தண்ணீர் சொட்டும். மாலையில் விரல் நுனிகள் சுருங்கிப் போயிருக்கும். அவற்றைப் பார்க்கும்போதெல்லாம், இருபத்தொன்பது வயதிலும், தான் இந்த வீட்டுப் பெண்தானா என்று அவளுக்குச் சந்தேகம் வரும்.

எச்சிலைக் குப்பியில் துப்பி அனுப்பினால் பூர்வீகத்தையும் ரத்த உறவையும் கண்டுபிடித்து எழுதி அனுப்புகிறார்கள் என்று கடையில் பேசிக்கொண்டார்கள். அவள் ஐந்து குப்பிகளை வரவழைத்தாள். "கப்பல் தாத்தா எந்தக் கடற்கரைன்னு தெரிஞ்சுக்கலாம்பா" என்றாள். அப்பாவுக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. அம்மா மட்டும் மகளின் முகத்தை ஒரு நிமிஷம் பார்த்துவிட்டு, "பெத்தவளுக்குத் தெரியாததயா இந்தக் குப்பி சொல்லப் போகுது?" என்று முணுமுணுத்தபடியே துப்பிக் கொடுத்தாள்.

நடுப்பெண் வேலைக்குப் போயிருந்த நேரத்தில் அப்பா ஒவ்வொரு குப்பியிலும் மைப் பேனாவால் பெயரைக் குண்டு குண்டாக எழுதினார். மை அழியும் என்பது அவர் ஆயுளில் பார்க்காத விஷயம். கொட்டுகிற மழையில், பையும் இல்லாமல் உறையும் இல்லாமல், குப்பிகளைக் கையில் ஏந்திக்கொண்டு கூரியர் அலுவலகத்துக்கு நடந்தார். வாசல்வரை ஒரு சொட்டு ஒட்டவில்லை. வாசலில் ஒரு குழாய் ஒழுகிக்கொண்டிருந்தது. ஒழுகும் குழாயைப் பார்த்துவிட்டுச் சும்மா போக அவரால் முடியாது. குப்பிகளைப் படியில் வைத்துவிட்டு மரையை இறுக்கினார். அந்தக் கால் மணி நேரம் குப்பிகள் யார் கையிலும் இல்லை. திரும்பிப் பார்த்தபோது பெயர்கள் வழிந்தோடியிருந்தன. அச்சடித்த எண்கள்தான் மிச்சம். எதற்கு வம்பென்று யாரிடமும் சொல்லாமல் அனுப்பிவிட்டார்.

ஆறு வாரம் கழித்து எண்கள் மட்டும் போட்ட ஐந்து காகிதங்கள் வந்தன. அப்பா அசடு வழிய உண்மையைச் சொன்னார். மூத்தவள் காகிதங்களைப் பிடுங்கிச் சத்தமாகப் படித்தாள். இரண்டு, பெற்றவர்களுடையவை. மிச்சம் மூன்றிலும் ஒரே வாசகம்: மேற்படி இருவரின் மகள்.

"இதுல நான் எது?" என்று கேட்டாள் நடுப்பெண்.

மூத்தவள் மூன்றையும் புரட்டிப் புரட்டிப் பார்த்தாள். "தெரியலடி. நான் எதுன்னே எனக்குத் தெரியல."

நடுப்பெண் அப்போதுதான் அழுதாள், நிம்மதியாக, துப்பட்டா நுனி நனையும்வரை. மூத்தவள் அவளைக் கட்டிக்கொண்டாள். தவிட்டுப் பேச்சு அன்றோடு நின்றது.

அடிபட்டது அப்பாதான். ஐந்து காகிதத்திலும் கடற்கரை என்ற பேச்சே இல்லை. எத்தனை தலைமுறை பின்னால் போனாலும் வறண்ட மேட்டு நிலம்தான். கேப்டன் எங்கிருந்து வருவார்? இரண்டு நாள் அவருக்குச் சோறு இறங்கவில்லை. மூன்றாம் நாள் மழையில் பக்கத்துத் தெருவில் ஒரு வீட்டு வாசலில் குழாய் வெடித்தது. அப்பா மறந்து விட்டுப்போன வாஷரை எடுத்துக்கொண்டு நடுப்பெண் தெப்பலாக நனைந்து ஓடி வந்தாள். அந்த வீட்டின் சொந்தக்காரர் குழிக்குள் உலர்ந்து நின்ற அப்பாவையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார்.

"நீங்க நனையல. உங்க பொண்ணு மட்டும் எப்படிங்க நனையுது?"

அப்பா குழிக்குள்ளிருந்து நிமிர்ந்து மகளைப் பார்த்தார். "எங்க வம்சம் அப்படிங்க. நாலு பேர் நனைய மாட்டோம், ஒருத்தர் நனைவோம்" என்றார்.

சொந்தக்காரர் அப்படியா என்று தலையாட்டினார். அவள் ஈரக் கையால் வாஷரை நீட்ட, அப்பா வாங்கி மாட்டினார். தண்ணீர் நின்றது; மழை இன்னும் ஒரு மணி நேரம் பெய்தது.