கறிக்கடை ஃப்ரிட்ஜ்

கறிக்கடைக்காரருக்கு வாய் கொஞ்சம் நீளம். செய்த தர்மத்தைத் தண்டோரா போடாவிட்டால் அவருக்குச் சோறு இறங்காது.

"சங்கத்துக்காரங்க மருந்து குடுக்குறாங்க, சரி. வைக்க எடம் யாரு குடுக்குறா? ஒரு புள்ளையோட உசுரே என் ஃப்ரிட்ஜுலதான்யா இருக்கு!" என்பார் எலும்பை வெட்டிக்கொண்டே. துண்டு ஈரல் கொசுறாகக் கிடைக்குமே என்று வந்தவர்களும் தலையாட்டுவார்கள்.

சொன்னதில் பொய்யில்லை. பக்கத்து வீட்டுத் தையல்காரியின் ஒரே மகள் சிட்டு. பால் பல் விழுகிற வயசிலேயே சர்க்கரை வியாதி. வேளாவேளைக்கு இன்சுலின் போட்டால்தான் உயிர். உதவிச் சங்கம் ஒன்று மருந்துப் புட்டிகளைச் சும்மா கொடுத்தது. தையல்காரி வீட்டில் ஃப்ரிட்ஜுக்கு எங்கே போவது? இவர்தான் தன் கடை ஃப்ரிட்ஜில் ஒரு தட்டைத் தேய்த்துக் கழுவி விட்டுக்கொடுத்தார். நல்ல மனுஷன், வாய்தான்.

ஊசி நேரம் ஆனால் சிட்டு ஓடி வருவாள். "மாமா, என் உசுரை எடுத்துக் குடுங்க!"

"வாயாடிக் கழுதை," என்று சிரித்துக்கொண்டே கொடுப்பார்.

வெயில் காலத்தில் ஒரு நாள் கரண்ட் வருவதும் போவதுமாக இருந்தது. அவருக்குப் பதறிவிட்டது. கறியை வாரி ஃப்ரீசருக்குள் போட்டவர், புட்டிகளையும் பத்திரமாக அதற்குள்ளேயே தள்ளினார். காலையில் பார்த்தால் எல்லாம் கல்லாக உறைந்து கிடந்தன. கறி உறைந்தால் கெட்டா போகிறது, இன்னும் நாள் தாங்குமே என்று நினைத்தார். தண்ணீரில் போட்டு இளக்கித் துடைத்துப் பழைய தட்டில் வைத்தார். இதையெல்லாம் போய் ஒருவரிடம் சொல்ல வேண்டுமா என்ன?

அதற்கப்புறம் சிட்டுவுக்குத் தாகம் அடங்கவில்லை. ஊசி தவறாமல் போட்டும் உடம்பு உருகியது. தையல்காரிக்குத் தோன்றிய காரணம் ஒன்றுதான்.

"எங்கடி திருடித் தின்னே?"

"சத்தியமா திங்கலம்மா!"

துணி அளக்கும் கட்டையாலேயே அடித்தாள். கறிக்கடைக்காரரும் தன் பங்குக்கு, "ஓசியில மருந்து கெடைக்குதுன்னு திமிரு. இனிப்பைத் தின்னுட்டு ஊசி போட்டா மருந்து என்னடி செய்யும், பாவம்?" என்றார். அன்று சிட்டு கேலி எதுவும் பேசவில்லை. புட்டியை வாங்கிக்கொண்டு சுவரைப் பிடித்தபடி போனாள்.

ரெண்டே நாளில் வாந்தியும் மூச்சிரைப்புமாகச் சுருண்டு விழுந்தாள். அவர்தான் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினார். தோளில் கிடந்த பிள்ளை வாசல் வருவதற்குள் அடங்கிவிட்டது. சொன்ன பேச்சைக் கேட்காத பிள்ளை என்று தெரு பேசியது. பெற்றவளும் அதையே சொல்லிச் சொல்லி அழுதாள்.

காரியமெல்லாம் முடிந்தபின் சங்கத்து நர்ஸம்மா கடைக்கு வந்தார். தையல்காரியும் கூட வந்து வாசலில் நின்றாள்.

"மிச்சப் புட்டிய குடுங்கண்ணே. இன்னொரு பையன் மருந்தில்லாம கெடக்கான்."

அவர் எடுத்து நீட்டினார். நர்ஸம்மா வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"நல்லாத்தானே வச்சிருந்தீங்க? உறையல இல்ல? ஒருதரம் உறைஞ்சிட்டா போச்சு, மருந்து செத்துடும். பார்த்தாக்கூட சில சமயம் தெரியாது."

கறிக்கடைக்காரர் ஃப்ரீசர் கதவைத் திரும்பிப் பார்த்தார். 'இல்லை' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அவர் பேர் பேராகவே இருக்கும். நர்ஸம்மா புட்டிகளைப் பைக்குள் வைத்து ஜிப்பை இழுத்தார்.

"அம்மா, அதைக் கொண்டு போகாதீங்க," என்றார் கறிக்கடைக்காரர். "உறைஞ்சுது. நான்தான் ஃப்ரீசர்ல வச்சேன். எல்லாத்தையும். அதைத்தான் புள்ளைக்கும் குடுத்தேன்."

நர்ஸம்மா பையைக் கீழே வைத்தார். தையல்காரி மண்ணை வாரித் தூற்றுவாள், மாரில் அடித்துக்கொள்வாள் என்று கறிக்கடைக்காரர் தலையைக் குனிந்து காத்திருந்தார். அவள் படியேறி வந்து அவர் கையைப் பிடித்தாள்.

"அப்போ அவ திருடித் திங்கலையாண்ணே?"

"இல்லம்மா."

"சத்தியம் பண்ணாளே," என்றாள். "நான் அடிச்சேனே, அண்ணே."