உப்பு எடுத்த சீஸ்

சமையலறைக் கதவோரம் நின்றபடி, மருமகள் கிண்ணத்துத் தண்ணீரில் விரலை நனைத்து நாக்கில் வைத்துப் பார்த்தாள். லேசாகக் கரித்தது.

"இன்னும் ஒரு தரம் மாத்திடுங்க மாஸ்டர்."

கிரேக்க உணவகத்தின் சமையல்காரர் கிண்ணத்தைச் சாய்த்துத் தண்ணீரை வடித்தார். "நேத்து சாயங்காலத்துலேருந்து குளிப்பாட்டிக்கிட்டே இருக்கேன்மா. இனி பவுடர் போட்டுத் தூங்க வைக்கிறதுதான் பாக்கி."

கிண்ணத்தில் கிடந்தது ஆட்டுப்பாலில் செய்த வெள்ளைச் சீஸ். அதை உப்புநீரிலேயே போட்டு வைத்திருப்பார்கள். கெடாமல் இருப்பது அதனால்தான். இதயம் பலவீனமானவர்களுக்கு ஆகாமல் போவதும் அதனால்தான். ஆனால் உப்புக்கு ஒரு குணம் உண்டு. அதிகமாகச் சேர்ந்திருக்கும் இடத்தில் அதற்கு இருப்புக் கொள்ளாது. குறைவாக உள்ள பக்கம் நகரப் பார்க்கும். நல்ல தண்ணீரில் சீஸைப் போட்டால் உப்பு மெல்ல வெளியே வரும். இரண்டு பக்கமும் சமமானதும் நின்றுவிடும். தண்ணீரை மாற்றினால் மறுபடி கிளம்பும். குடிநீர்ப் பரிசோதனைக்கூடத்தில் வேலை பார்க்கும் மருமகளுக்கு இது அன்றாடப் பாடம். அதற்காக ஓர் அந்நியர் தன் அடுப்பு வேலைக்கு நடுவே கிண்ணத்தைக் கவனித்துக்கொண்டே இருப்பார் என்றுதான் அவள் நினைக்கவில்லை.

மாமனாருக்கு இளமையில் கப்பல் இன்ஜின் அறையில் வேலை. ஏதோ ஒரு கிரேக்கத் துறைமுகத்தில் தின்ற சீஸைப் பற்றி அவர் பேசாத நாளில்லை. "ஆசைப்பட்டதைக் கொடுங்க, உப்பு மட்டும் வேண்டாம்" என்று டாக்டர் சொன்னதன் பொருள் வீட்டில் எல்லோருக்கும் புரிந்திருந்தது. அந்த ருசியை எப்படியாவது ஒரு தடவை அவர் வாயில் போட்டுவிட வேண்டும் என்று மருமகள் முடிவு செய்தது அன்றுதான்.

அவள் மேஜைக்குத் திரும்பியபோது மாமனார் கண்ணாடியோரம் உட்கார்ந்து, உணவகத்துக்கு வெளியே மாலின் நடுவே ஓடிக்கொண்டிருந்த எஸ்கலேட்டரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இந்தப் படியெல்லாம் மேல போனதும் எங்க போகுதுன்னு நெனைக்கிற? கவுந்துக்கிட்டு அடி வழியா திரும்பி வருது. எப்பவும் பாதிப் படி நம்ம கண்ணுல படாமலேதான் வேலை செய்யுது."

தட்டு வந்தது. தக்காளி, வெள்ளரி, வெங்காயம், அவற்றின் மேல் எண்ணெய் மினுங்கும் வெள்ளைக் கட்டி.

"ஆலிவ் எங்க போலீசம்மா?"

"அது ஒவ்வொண்ணும் ஒரு உப்பு மூட்டை மாமா."

"சரி, சரி. ஜாமீன்ல வந்தவன் நான். வாயைத் திறக்கல."

ஆனால் திறந்தார். ஒரு துண்டை வைத்து மென்றார். மெல்லுவது ஒரு கணம் நின்றது. எஸ்கலேட்டர் பக்கம் பார்த்துவிட்டு, மறுபடி மென்றார். மருமகள் தன் ரொட்டியைத் தொடவே இல்லை.

"எப்படி இருக்கு மாமா?"

"அதேதான். அச்சு அசல் அதே ருசி."

அவளுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. "எனக்கும் ஒரு துண்டு" என்று முள்கரண்டியை நீட்டினாள். அவர் தட்டைச் சட்டென்று தன் பக்கம் இழுத்து, விடைத்தாளை மறைக்கும் பள்ளிப் பையனைப் போல் கையை வளைத்துக்கொண்டார்.

"ரொட்டியும் தயிரும் உனக்குத் தனியா வந்திருக்கில்ல? என் தட்டுல கண்ணு வைக்காத."

கடைசித் துணுக்கு வரை வழித்துச் சாப்பிட்டார். கிளம்பும்போது சமையல்காரரின் கையை இரண்டு கைகளாலும் பிடித்து, வெகுநேரம் விடாமல் வைத்திருந்தார்.

அன்று சாயங்காலம் நாற்காலியில் கண்ணயர்ந்தவர் எழவில்லை.

மறுநாள் எல்லாம் முடிந்து வந்தபோது வீட்டில் அடுப்பு மூட்ட யாருக்கும் கை வரவில்லை. "அப்பா கடைசியா சாப்பிட்ட இடத்துக்கே போலாமா?" என்றான் கணவன்.

அதே மேஜை காலியாக இருந்தது. சமையல்காரர் வெளியே வந்து எட்டிப் பார்த்தார். "பெரியவர் வரலையா?"

கணவன் சொன்னான். அவர் தோளில் கிடந்த துணியை எடுத்துக் கையில் சுருட்டிக்கொண்டு உள்ளே போனார். கொஞ்ச நேரத்தில், யாரும் கேட்காமலே, அந்தத் தட்டைக் கொண்டுவந்து வைத்தார்.

"உப்பு எடுக்கலம்மா. இப்பதான் உப்புநீர்லேருந்து எடுத்தது" என்றார்.

கணவன் தட்டைப் பார்த்தான். "இதுவா? உப்பில்லாமயா தின்னாரு? உன்னைத் திட்டலையா?"

"திட்டலையே. அச்சு அசல் அதே ருசின்னாரு." நேற்றிலிருந்து வந்தவர்களிடமெல்லாம் அவள் சொல்லிக்கொண்டிருந்தது அதைத்தான்.

ஒரு துண்டைக் குத்தி வாயில் போட்டாள்.

உப்பு சுரீரென்று ஏறியது. தாடை கூசியது; கண்களில் நீர் கட்டியது. கடல் தண்ணீரைக் கட்டியாக்கி வைத்தது போல் இருந்தது. இந்த ருசியை ஒரு தடவை பார்த்த நாக்கு இதை வேறெதோடும் குழப்பிக்கொள்ள வழியே இல்லை. தட்டைச் சுற்றி வளைந்த அந்தக் கை அவள் கண் முன் வந்தது.

"என்ன, காரமா?"

"இல்ல. உப்பு."

கணவன் தண்ணீர் டம்ளரை அவள் பக்கம் நகர்த்தினான். அவள் தலையசைத்து அதை ஓரமாக வைத்துவிட்டு, இன்னொரு துண்டை எடுத்து மெதுவாக மெல்லத் தொடங்கினாள்.