யார் வீட்டுப் பால்

தேக்கரண்டியைப் பாலில் தோய்த்த தங்கை செந்தமிழின் கையைத் திருமுருகன் பிடித்து நிறுத்தினான்.

"யாரு வூட்டுப் பாலு?"

"எங்க மாட்டுப் பாலுதாண்ணா. அப்பாவுக்கு மூச்சு இழுக்குது. நீயே மொதல்ல ஊத்து."

"இரு. என் மாட்டுப் பால கொண்டாறேன்."

"உன் மாடு..." என்று தொடங்கியவள் அண்ணன் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டாள். அவன் டம்ளரோடு வெளியே வந்தான்.

அப்பா தட்சணாமூர்த்தி உப்பளத்தில் கூலி வேலை பார்த்துக்கொண்டே இரண்டு மாடு வைத்திருந்தவர். ஒன்று நல்ல கறவை. மற்றதன் பால் கன்றுக்கே பற்றாது. இரண்டும் கிடேரி ஈன்றபோது, "புடிச்சத நீ எடுத்துக்கோ. மிச்சம் தங்கச்சிக்கு" என்றார். நல்ல கறவையின் கன்றை அவன் ஓட்டிப் போனான். கன்றுகள் வளர்ந்து கறவைக்கு வந்துவிட்டன. இன்றைக்குப் பால் சொசைட்டியில் செந்தமிழின் கேனைத்தான் எல்லோரும் திரும்பிப் பார்க்கிறார்கள். அப்பா அவளுக்கு மட்டும் எதையோ ஒளித்துக் கொடுத்திருக்கிறார் என்று அவனுக்கு வயிறு எரிந்துகொண்டே இருந்தது.

அப்பாவைப் பார்க்க வந்த ஜெயசீலன் வாசலில் நின்றிருந்தார். சுற்றுவட்டாரத்தில் மாடுகளுக்குச் சினை ஊசி போடுபவர்.

"அவ மாடு மட்டும் எப்படி சார் அப்படி கறக்குது?" அந்த நேரத்திலும் கேட்டுவிட்டான்.

"நீ தாய் மாட்ட மட்டும் பாத்து எடுத்துட்ட முருகா. கறவை பாதி அப்பன் வழியாவும் வரும்பா. உன்னுது ஏதோ தெருக் காளைக்குப் பொறந்தது. அவளுது நல்ல சாதிக் காளையோட வித்து, நான் போட்ட ஊசி. அந்தக் காளையோட தாயி குடம் குடமா கறந்தது."

"அப்பாவுக்குத் தெரியுமா?"

"அவருதான என்னைக் கூப்ட்டாரு."

உள்ளே அப்பாவின் மூச்சு இழுபடுவது வாசல்வரை கேட்டது. போய்க் கேட்டால் சொல்லுவாரா? திருமுருகன் கதவுவரை போனான். பிறகு பக்கத்திலிருந்த தன் மாட்டுக் கொட்டகைக்குத் திரும்பினான்.

மாடு ஏழு மாதச் சினை, பால் வற்றிவிட்டது. மடி சுருங்கிக் கிடந்தது. காம்பை இழுத்து இழுத்துப் பார்த்தான். மாடு காலைத் தூக்கி உதறியது. விடாமல் பீய்ச்சினான். டம்ளரின் அடி நனைந்தபோது வீட்டுக்குள்ளிருந்து செந்தமிழ் அலறினாள்.

அவன் போய் நின்றபோது அப்பாவின் வாயோரம் செந்தமிழ் ஊற்றிய பால் வழிந்திருந்தது. திருமுருகன் குனிந்து, தன் டம்ளரை அந்த உதடுகளில் சாய்த்தான். பால் உள்ளே இறங்கவில்லை. கன்னத்தில் வழிந்து காதோரம் போயிற்று.

செந்தமிழ் முந்தானையால் அதைத் துடைத்தாள். அவன் டம்ளரை நிமிர்த்தவில்லை.