நாலாம் நம்பர் சிவப்பு

புது வீட்டில் கனோகோ தேர்ந்தெடுக்க மிச்சமிருந்தது கார் பாதை மட்டும்தான்.

கூரையின் சாய்வை நாகாஓகா ஊரின் பனி முடிவு செய்துவிட்டது. சமையலறையைக் கணவன் ரெய்ஜி முடிவு செய்தான், சமைப்பவன் அவன்தான். சுவர் நிறம், திரைச்சீலை, குளியல் தொட்டி எல்லாம் மாமியார் ஃபுசாயேயின் விருப்பம். ஒவ்வொரு தடவையும் "உனக்கு எது பிடிச்சிருக்கு?" என்று அவளிடமும் கேட்டார்கள். அவள் வாயைத் திறப்பதற்குள் வேறு யாராவது பதில் சொல்லிவிடுவார்கள். அவர்கள்மேல் குற்றமில்லை. ஒரு வாக்கியத்தைத் தொடங்க அவளுக்கு மற்றவர்களைவிட மூன்று விநாடி அதிகம் வேண்டும்.

"பாதையாவது நீ சொல்லு," என்றான் ரெய்ஜி. "நாங்க வாயைத் திறந்தா ஏன்னு கேளு."

தெருவிலிருந்து வீட்டு வாசல் வரை பன்னிரண்டு மீட்டர். கனோகோ இரண்டு வாரம் யோசித்தாள். வெளிவேலை பார்க்கும் காண்ட்ராக்டர் இகராஷி வந்தபோது, ஒத்திகை பார்த்து வைத்திருந்த ஒரே சொல்லைச் சொன்னாள்.

"வெள்ளை."

இகராஷி தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தார். "வெள்ளைக் கான்கிரீட்டா? நீங்க பனியே விழாத ஒகாயாமாப் பக்கம்ல? இங்க வந்து எத்தனை குளிர்காலம் ஆச்சும்மா?"

"இன்னும்... ஒண்ணும் ஆகலை. ஏப்ரல்லதான் கல்யாணம் ஆச்சு."

"இந்த ஊர் ரோடெல்லாம் என்ன நிறம்?"

"சிவப்பு. பெயிண்ட் அடிக்கிறாங்கன்னு நினைச்சேன்."

ஃபுசாயே சிரித்த சிரிப்பில் பிஸ்கெட் புரையேறியது. ரெய்ஜி எழுந்து போய் அம்மாவின் முதுகைத் தட்டினான். அவனும் சிரித்துக்கொண்டுதான் இருந்தான்.

இகராஷிதான் விளக்கினார். தெருவின் நடுவில் போகும் குழாய், பனி விழுந்தால் நிலத்தடித் தண்ணீரைப் பீய்ச்சும். அந்த வெதுவெதுப்பில் பனி கரையும். ஆனால் தண்ணீரில் இரும்பு. காற்றுப் பட்டால் துரு.

"உங்க பாதைக்கும் குழாய் பதிச்சாச்சு. வெள்ளை போட்டீங்கன்னா மார்ச் மாசத்துல செந்நரி படுத்து எழுந்த மாதிரி இருக்கும்."

"தார் போட்டுடு கனோகோ," என்றார் ஃபுசாயே. "கறுப்புல எதுவும் தெரியாது. எங்க வீட்டுல முப்பது வருஷமா அதான்."

கனோகோ தலையை ஆட்டப் போனாள். ஆட்டியிருந்தால் அந்த வீட்டில் அவள் சொன்னது என்று ஒன்றுமே இருந்திருக்காது.

"ஒரு வாரம் டைம் கொடுங்க," என்றாள்.

"அடுத்த சனிக்கிழமை. அதுக்கு மேல தள்ளினா குளிர்ல கான்கிரீட் ஒழுங்கா இறுகாது. அன்னிக்கும் பதில் வரலைன்னா தார்தான், சரியா?"

மாதிரித் துண்டுகளை வைத்துவிட்டுப் போனார். வெள்ளைக் கான்கிரீட், சாம்பல் நிற பேவர் பிளாக், ஒரு தார்க்கட்டி, ஒரு பை ஜல்லி. ஜல்லியை ரெய்ஜியே ஒதுக்கிவிட்டான். பனியை அள்ளும்போது பாதி பாதை மண்வெட்டியோடு போய்விடுமாம்.

மறுநாள் கனோகோ புது மனைக்குப் போய், தோண்டி வைத்திருந்த கிணற்றுக் குழாயிலிருந்து பன்னிரண்டு பாட்டில் தண்ணீர் பிடித்து வந்தாள். கண்ணாடி மாதிரி இருந்தது. வாடகை வீட்டு பால்கனியில், துணி காயப்போடும் கம்பியில் பாட்டில்களைத் தலைகீழாகக் கட்டி, மூடியில் ஊசியால் துளை போட்டாள். கீழே மூன்று துண்டுகள். சொட்டு, சொட்டு.

வேலை முடிந்து வந்த ரெய்ஜி பால்கனிக் கதவில் நின்று பார்த்தான்.

"சலைன் ஏத்துறியா? இதுல யாரு சீரியஸ்?"

"வெள்ளை," என்றாள்.

மூன்றாம் நாள் வெள்ளையின் நடுவில் மஞ்சள் விழுந்தது. ஐந்தாம் நாள் அது பழுத்த பேரீச்சை போல ஆனது. பேவர் பிளாக்கில் தேமல். தார்க்கட்டியில் அத்தை சொன்ன மாதிரியே ஒன்றும் தெரியவில்லை. கனோகோ அதை வெயிலில் திருப்பிப் பார்த்தாள். துரு அங்கேயும் இருந்தது, மெல்லிய ஏடாக. தார் அதை மறைத்தது, அவ்வளவுதான். அது அவளுக்குப் பிடிக்கவில்லை. ஏன் என்று சொல்லவும் தெரியவில்லை.

அவள் வேலை பார்ப்பது சோயா தடவிச் சுட்ட அரிசித் தட்டைகள் செய்யும் தொழிற்சாலையில். சுட்டெடுத்த தட்டையின் நிறத்தைச் சரிபார்ப்பது அவள் பொறுப்பு. கையில் நம்பர் போட்ட ஐந்து நிற அட்டைகள். ஒன்று வெளுப்பு, ஐந்து கருகல். வெள்ளிக்கிழமை காலை ஒரு தட்டு வந்தது. நாலாம் நம்பர், திருத்தமாக. "பாஸ்" என்று சொல்ல வேண்டியவள் சொல்லவில்லை.

"என்ன கனோகோ, கருகலா?" என்றாள் பக்கத்தில் நின்றவள்.

"இல்லை. இந்த நிறத்தை இன்னிக்குக் காலையில எங்க வீட்டு பால்கனியில பார்த்தேன்."

மாலையில், கழித்துப் போட்ட பழைய அட்டைகளைக் கேட்டு வாங்கிக்கொண்டாள். பஸ் நிறுத்தத்துக்குப் போகும் வழியிலேயே தெருவோரம் மண்டியிட்டு, நாலாம் அட்டையைச் சாலையில் வைத்தாள். அட்டை எங்கே முடிகிறது, சாலை எங்கே தொடங்குகிறது என்று தெரியவில்லை. அடுத்த சந்து: நாலு. கோயில் முன்னால், அத்தையின் வயது இருக்கும் பழைய சாலை: அதுவும் நாலு. அந்தத் தண்ணீர் நாலு வரைதான் சிவக்கும். அதற்கு மேல் போகாது. ஒரு கார் ஹாரன் அடித்தது. எழுந்து, குனிந்து மன்னிப்புக் கேட்டுவிட்டு, எதிர்ப்புறம் ஓடிப்போய் மறுபடி மண்டியிட்டாள்.

வெள்ளை சிவப்பாகும். சிவப்பு என்ன ஆகும்?

சிவப்புத் தரைக்குப் போடும் காவிப் பொடியும் இரும்பின் துருவும் வேதியியலில் ஒரே குடும்பம். இது அவளுக்குப் படித்த நாளிலிருந்தே தெரியும். இத்தனை நாள் எங்கே போயிருந்தது இது?

சனிக்கிழமை இகராஷி செருப்பைக் கழற்றும் முன்பே அவள் பேசிவிட்டாள்.

"கான்கிரீட். காவிப் பொடி கலந்து. இந்த நிறம்."

அவர் அட்டையை வாங்கித் திருப்பிப் பார்த்தார். "இது தட்டை அட்டைல்ல?"

"நாலாம் நம்பர். ரோடும் நாலுதான். தண்ணி என்ன நிறத்துக்குக் கொண்டுபோகுமோ, அந்த நிறத்துலயே தொடங்கிடலாம்."

ஃபுசாயே கண்ணாடியை மூக்கில் ஏற்றிக்கொண்டார். "அப்ப, துருப்பிடிக்கிறதுக்கு முன்னாடியே துருப்பிடிச்ச பாதையா?"

"ஆமாம் அத்தை. இனி பிடிக்க மிச்சம் ஒண்ணுமில்லை."

"எல்லாரும் இந்தச் சிவப்பை எப்படி மறைக்கிறதுன்னுதான் என்கிட்ட கேப்பாங்க," என்றார் இகராஷி. போனை எடுத்துப் பொடி கிடைக்குமா என்று விசாரிக்கத் தொடங்கினார். அவர் குரலிலும் ஒரு பரபரப்பு.

கான்கிரீட் போட்ட அன்று முதல் லாரி கொட்டியதைப் பார்த்து எல்லோருக்கும் முகம் தொங்கியது. பாதை கறுத்த மிசோ சோயா விழுது மாதிரி கிடந்தது.

"தீஞ்சு போச்சே," என்றார் ஃபுசாயே.

இகராஷி தலையைச் சொறிந்தார். "பொடி தூக்கலா இருக்கும்மா. அடுத்த லாரியில பாதியாக் குறைக்கச் சொல்லட்டுமா? இப்பவே சொல்லணும், அவன் கலக்க ஆரம்பிச்சிடுவான்."

ரெய்ஜி வாயைத் திறந்தான். மூடிக்கொண்டான். எல்லோரும் கனோகோவைப் பார்த்தார்கள். ஒரு விநாடி. இரண்டு. மூன்று.

"வேண்டாம். அதே அளவு. சோயா ஈரமா இருக்கறப்போ தட்டையும் அஞ்சு மாதிரிதான் தெரியும். காஞ்சா ஒரு நம்பர் இறங்கும்."

ஒன்பதாம் நாள் கான்கிரீட்டை மூடியிருந்த ஈரச் சாக்கை எடுத்தார்கள். அடுத்த மூன்று நாளும் வெயில். அதன்பின் அவள் அட்டையோடு மண்டியிட, ரெய்ஜியும் பக்கத்தில் மண்டியிட்டான். அட்டையைக் காணோம் என்றான் அவன், அதன்மேலேயே கையை வைத்துக்கொண்டு.

டிசம்பரில் முதல் பனி இரவெல்லாம் விழுந்தது. காலையில் கனோகோ ரப்பர் பூட்ஸோடு போய் வால்வைத் திறந்தாள். வரிசையாகத் தண்ணீர் எழும்பியது. வெள்ளை நடுவில் பிளந்து, பன்னிரண்டு மீட்டர் சிவப்பு ஆவி பறக்க வெளியே வந்தது. பக்கத்து வீட்டுக்காரர் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு பார்த்தார்.

ரெய்ஜி பல் தேய்த்துக்கொண்டே எட்டிப் பார்த்தான். அவனுடைய வெள்ளைக் காரின் அடிப்பகுதியில் தண்ணீர் பீய்ச்சிக்கொண்டிருந்தது.

"காரையும் நாலாம் நம்பர்ல பெயிண்ட் அடிச்சிட..."

"கதவு வரைக்கும் போதும், அதுக்கு மேல தண்ணி தெறிக்காது," என்றாள் கனோகோ, அவன் முடிப்பதற்குள்.