அந்த அம்மா எப்படி?

லோர்னா ஹெஸ்கெத் வாயைத் திறந்தால் போதும், இங்கிலாந்தின் போல்டன் நகரத்துப் பெற்றோரில் பாதிப்பேர் மனசு மாறிவிடுவார்கள். அப்படியொரு பேச்சு. அங்கே ஒரு பள்ளியின் கடைசி இரண்டு வருஷப் படிப்புக்கு அவள்தான் தலைவி. அதில் யாரைச் சேர்ப்பது, படித்து முடித்தவர்கள் எங்கே போவது எல்லாம் அவள் பொறுப்பு. பல்கலைக்கழகத்தை விட்டால் வேறு கதியில்லை என்று வருகிறவர்களை உட்காரவைத்து, டீ கொடுத்து, அந்த நினைப்பை மெல்லக் கழற்றி அனுப்புவாள்.

அன்றைக்கு மழையில் நனைந்து வந்திருந்தவள் திருமதி ஹார்கர். பக்கத்தில் மகள் டெஸ்ஸா நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தாள். பதினாறு வயது. கணக்கு என்றாலே காய்ச்சல் வருகிற ஜாதி.

"இங்க சேர்த்துக்கறதுல எனக்கு ஒண்ணும் கஷ்டமில்லைங்க. ஆனா பொண்ணுக்கு சமையல்லதான் உயிருங்கறீங்க. ஒரு ஹோட்டல்ல அப்ரண்டிஸா போகட்டுமே! தொழிலும் கத்துக்குவா, சம்பளமும் வரும், வாரத்துல ஒருநாள் காலேஜும் உண்டு. இதுல என்ன குறைச்சல்?"

"உங்க பிள்ளையா இருந்தா அனுப்புவீங்களா?" என்றாள் திருமதி ஹார்கர். நல்ல கேள்விதான்.

"கண்ணை மூடிக்கிட்டு அனுப்புவேன்" என்றாள் லோர்னா. பாவம், அவளும் அதை நம்பித்தான் சொன்னாள்.

தாயும் மகளும் முகம் தெளிந்து போனார்கள். கதவு சாத்திய கையோடு போன் அடித்தது.

"வணக்கம் மேடம், மான்செஸ்டர்லேர்ந்து டன்ஸ்டால் பேசறேன். லிஃப்ட் மாட்டற கம்பெனி. பையன் விசாரிச்சுக்கச் சொன்ன ப்ராடி வாத்தியாரைக் கேட்டேன், வகுப்புல இருக்காராம், உங்களுக்குக் குடுத்தாங்க. உங்க ஸ்கூல் பையன் ஒருத்தனை அப்ரண்டிஸா எடுக்கலாம்னு இருக்கோம். கடைசியா ரெண்டு பேர் நிக்கறாங்க, ஒருத்தனைத்தான் எடுப்போம். ரோரி பில்லிங்னு பேரு. பையன் எப்படி?"

லோர்னாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. ரோரி பில்லிங் அவள் வயிற்றில் பிறந்தவன். அப்பா பெயர் அவனுக்கு, கல்யாணத்துக்கு முந்தின பெயரே இவளுக்கு. அந்த மனுஷனுக்கு எப்படித் தெரியும்? டர்ஹாம் பல்கலைக்கழகத்தில் சட்டம் படிக்க ரோரி விண்ணப்பம் போட்டிருந்தான். அங்கே விடுதியில் சமைக்க வேண்டுமே என்று இவள் ஒரு செட் பாத்திரம்கூட வாங்கிக் கட்டிலுக்கடியில் வைத்திருந்தாள். அவன் லிஃப்ட் வேலைக்கு எழுதிப்போட்டதும் தெரியாது, நேர்முகத்தில் உட்கார்ந்ததும் தெரியாது. படுபாவி, மூச்சு விடவில்லையே!

'நான் அவன் அம்மா, வேறு யாரையாவது கேளுங்கள்' என்று சொல்லியிருக்க வேண்டும். அதுதான் முறை. சொல்லவும்தான் வந்தாள். நாக்கு கேட்கவில்லை.

"நல்ல பையன்தான். ஆனா..." என்று இழுத்தாள். அந்த இழுவை ஒரு பிள்ளையை எங்கே கொண்டுபோய்த் தள்ளும் என்று அவளைவிடத் தெரிந்தவர்கள் கிடையாது. "அவனுக்கு உயரம்னா ஆகாது சார். பிளாக்பூல் டவருக்கு டூர் கூட்டிட்டுப் போனோம். மேல கண்ணாடித் தரையில கால் வைக்கமாட்டேன்னு ஒரே அழுகை. கீழ தூக்கிட்டுதான் வந்தோம்."

டூராவது மண்ணாவது! அவனுக்கு அப்போது ஏழு வயது. தூக்கிக்கொண்டு இறங்கினவள் இவளேதான்.

"அதைத்தான் அவனே முதல்ல சொன்னான்!" என்று சிரித்தார் டன்ஸ்டால். "'எனக்கு உயரம்னா பயம் சார், ஆறு மாசமா சனிக்கிழமை சனிக்கிழமை பயிற்சிக் கூடத்துல கயித்தைக் கட்டிக்கிட்டு செவுரு ஏறிப் பழகறேன், பயம் போகலை, கை நடுங்கறது நின்னுடுச்சு'ன்னான். பயமே கிடையாதுன்னு மார்தட்டறவனை நான் லிஃப்ட் குழிக்கிட்டயே விடமாட்டேன் மேடம். எனக்கு இவன்தான் வேணும்."

சனிக்கிழமை நண்பன் வீட்டில் படிக்கிறான் என்றல்லவா இவள் நினைத்துக்கொண்டிருந்தாள்! ஆறு மாசமாக ஒரு பிள்ளை தனியாகப் பயத்தோடு மல்லுக்கட்டியிருக்கிறான். பெற்றவளுக்குத் தெரியவில்லை.

"எனக்கு வேற கவலை" என்றார் டன்ஸ்டால். "போன வருஷம் ஒருத்தனை எடுத்தோம். செப்டம்பர்ல அவங்கம்மா அழுது புரண்டு யுனிவர்சிட்டிக்கு இழுத்துட்டுப் போயிட்டாங்க. இவனும் வீட்ல அம்மாகிட்ட சொல்லலையாம், சொல்ல பயமா இருக்காம். அதான் கேக்கறேன், அந்த அம்மாவை உங்களுக்குத் தெரியுமா? எப்படி அவங்க?"

ஜன்னலில் மழை அடித்துக்கொண்டிருந்தது. உயரத்துக்குப் பயந்தவன் அதை யாரோ ஒரு கம்பெனிக்காரரிடம் வாய்விட்டுச் சொல்லியிருக்கிறான். அம்மாவுக்குப் பயந்ததையும் அவரிடமே சொல்லியிருக்கிறான்.

"நான்தான் சார் அந்த அம்மா" என்றாள் லோர்னா.

"அப்போ அந்த பிளாக்பூல் கதை?"

"உங்க வேலை அவனுக்குக் கிடைக்கக்கூடாதுன்னுதான் சொன்னேன். தப்பு. நான் சொன்ன எதையும் கணக்குல எடுத்துக்காதீங்க. ப்ராடி வந்ததும் பேசச் சொல்றேன்."

"அது இருக்கட்டும்மா. செப்டம்பர்ல பையனை விடுவீங்களா?"

கண்ணை மூடிக்கொண்டு அனுப்புகிறவள் இப்போது அந்த வார்த்தையைச் சொல்லவில்லை. "தடுக்கமாட்டேன். அழுவேன். அதை நீங்க கண்டுக்காதீங்க" என்றாள். சொல்லும்போதே அழுதுகொண்டுதான் இருந்தாள்.

சாயங்காலம் வீட்டுக்குள் நுழைந்தவளை ரோரி கோட்டைக்கூடக் கழற்றவிடாமல் கட்டித் தூக்கிவிட்டான். ஆறடி வளர்ந்த பயல், அவள் கால் தரையில் பாவவில்லை.

"வேலை கிடைச்சிருச்சும்மா! டன்ஸ்டால் இப்பத்தான் கூப்பிட்டாரு. 'உங்கம்மா எவ்வளவு நல்லாப் பேசினாங்க தெரியுமா'ன்னாரு. நீ கத்துவேன்னுதாம்மா மறைச்சேன். சாரிம்மா. நீ எனக்காகப் பேசுவேன்னு நான் நினைக்கவே இல்லை."

நல்ல மனுஷன் அந்த டன்ஸ்டால், அவளைக் காப்பாற்றிவிட்டிருந்தார். பேசாமல் இருந்தால் விஷயம் அதோடு முடிந்துபோகும். பிள்ளை இப்படிக் கட்டிக்கொண்டு எத்தனை வருஷமாகிறது!

"இறக்கி விடுடா" என்றாள். "அவரு உனக்காகப் பொய் சொல்லியிருக்காரு. நான் முதல்ல உன்னைக் கவுத்துவிடத்தான் பார்த்தேன்."

ரோரி அவளை மெதுவாக இறக்கிவிட்டான். முகத்தில் இருந்த சிரிப்பு எங்கேயோ போய்விட்டது.

"என்ன சொன்னே?"

லோர்னா கோட்டோடு மாடிப்படியில் உட்கார்ந்து, பிளாக்பூலிலிருந்து ஆரம்பித்து ஒன்று விடாமல் சொன்னாள்.