நீல மையில் இல்லாத ஆறு

1.
இந்தக் கதை என் தப்பிலிருந்து பிறந்தது. முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு நீங்களே கண்டுபிடித்ததாகப் பீற்றிக்கொள்ள வேண்டாம். நான் கேசவமூர்த்தி. 1957இல் மைசூரில், கனிமம் தேடும் ஓர் அலுவலகத்தில் நிலப்படம் வரைபவன்.

ஆரம்பம் ஒன்று: கௌதள்ளிக் காட்டில் பொன்னிறக் காலை மெல்ல (வேண்டாம். காலை எல்லா ஊரிலும் ஒரே நிறம்தான்.)

ஆரம்பம் இரண்டு: கொள்ளேகால் பக்கம் மைசூர் மாநிலத்தோடு சேர்ந்த மறு வருஷம், அங்கே ஓடை மணலை அரித்துப் பொன் எடுப்பவர்களின் உரிமத்தைப் புதுப்பிக்கலாமா என்று பார்க்க எங்கள் ஆட்கள் போனார்கள். என் படத்தில் ஓடையைக் குறிக்கும் நீலக் கோடு ஓடிய இடத்தில் மட்டும் குழி தோண்டினார்கள். பதினான்கு குழி. ஒரு பொட்டுப் பொன் இல்லை. உரிமம் ரத்து என்று அறிக்கை தயாரானது.

இது சரி. இப்படியே போகலாம்.

2.
அஞ்சலை வந்தாள். (அழுதபடி வந்தாள் என்று எழுதி, அந்த வரியை அடித்துவிட்டேன். அவள் அழவில்லை.) பொன் அரிப்பவள், நாற்பது வயது, கௌதள்ளியிலிருந்து பஸ் மாறி வந்தவள். மடியிலிருந்த உருண்டைக் கற்களை, அறிக்கையோடு வைக்க நான் மறுபடி வரைந்துகொண்டிருந்த மை காயாத படத்தின்மேல் கொட்டினாள்.

"ஏனுங்க, ஓடையில நோண்டுனா என்னுங்க கெடைக்கும்? மழ கொண்டாந்து போடறத நாங்க அன்னன்னைக்கே அரிச்சுப்போடறமுங்க. இந்தக் கல்லு கரட்டு உச்சியில கெடக்குதுங்க. அங்க தண்ணியே இல்லீங்களே, யாரு உருட்டுனாங்க?"

கற்களை ஒதுக்கிவிட்டு, படத்தில் அந்தக் கரடு இருக்கும் இடத்தைப் பார்த்தேன்.

(ஒரு குறிப்பு. அவசரக்காரர்கள் தாண்டிப் போகலாம்; போனால் கதை புரியாது. முன்னொரு காலத்தில் அங்கே ஓர் ஆறு ஓடியது. அந்தக் கற்களை உருட்டியது அதுதான். மலையிலிருந்து பொன்னைக் கொண்டுவந்தது. பொன் கனமானது, சரளைக்கு அடியில், பாறை இடுக்கில் தங்கிவிட்டது. பிறகு நிலம் பிளந்து ஒரு பக்கம் மேலே எழும்பியது. ஆறு வேறு வழி போயிற்று, அதன் படுகை கரட்டின், அதாவது அந்தச் சிறு குன்றின், தலையில் மாட்டிக்கொண்டது. அந்தப் பிளவைச் சிவப்பில் வரைந்தவனே நான்தான். மேலே என்ன கிடக்கும் என்று யோசிக்கவில்லை. மடையன்.)

3.
தப்பை மறைக்க நல்லவன் வேஷம் போட்டேன். "அஞ்சலம்மா, கரட்டைப் படத்துல போட்டா பெரிய கான்ட்ராக்டர் வந்துடுவான். போடலைன்னா யாருக்கும் தெரியாது. நீங்க பாட்டுக்கு அரிச்சுக்கோங்க."

"லைசென்சு இல்லாம அரிச்சா அதுக்குப் பேரு திருட்டுங்க. போடுங்க. யாரு காட்டுனாங்கன்னு எம் பேரையும் எழுதுங்க. வாரவன் எங்கிட்டக் கேட்டுட்டு வரட்டும்."

[கதாசிரியனாக எனக்கு எரிச்சல்தான். அவளைக் காப்பாற்ற நான் எழுதிவைத்திருந்த ஒரு பக்கம் முழுக்க வீணாயிற்று.]

4.
கரட்டின்மேல் நீலத்தில் புள்ளி புள்ளியாக ஓர் ஆறு வரைந்தேன். தண்ணீரில்லாத இடத்தில் நீல மை தொட்டாலே எங்கள் அலுவலகத்தில் சீட்டுக் கிழிந்துவிடும். 'கண்டறிந்தவர்' என்ற இடத்தில் எப்போதும் அதிகாரியின் பெயர்தான் வரும். அங்கே 'அஞ்சலை, கௌதள்ளி' என்று எழுதி, அவளையும் அழைத்துக்கொண்டு அதிகாரி ஸ்ரீனிவாசராகவன் அறைக்குப் போனேன்.

"என்னய்யா இது? புத்தி கெட்டுப்போச்சா? அழி."

"கல்லைப் பாருங்கோ சார். அழிக்க மாட்டேன்."

முடிவு ஒன்று: அவர் அஞ்சலையின் பெயரை அடித்துவிட்டு ஆற்றை மட்டும் வைத்துக்கொண்டார். முடிவு இரண்டு: கையெழுத்திட்டார். முடிவு மூன்று: என்னையும் ஆற்றையும் சேர்த்து

போதும். எது நடந்தது என்று எனக்குத் தெரியும், சொல்லப்போவதில்லை. அவர் நாற்காலியில் உங்களை உட்காரவைக்கிறேன். பேனா உங்கள் கையில். கையெழுத்துப் போடுங்கள், அல்லது அடியுங்கள். எதைச் செய்வதானாலும், வந்ததிலிருந்து நின்றுகொண்டிருக்கிறாள் அஞ்சலை. முதலில் அவளை உட்காரச் சொல்லுங்கள்.